கறுமுகத் தளபதியும் பெட்ரோல் மூடியும்

உப்புப் பாலத்தில் பேய் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் சாமியாடி கோ ஜின்-தூ. அந்தப் பேயை அடக்கும் காகிதத்தை முதலில் விற்றவரும் கோ ஜின்-தூதான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை. வரிசையில் இடம் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

தைவானின் மேற்குக் கரையில், மீன் குட்டைகளுக்கு நடுவே எங்கள் ஊர். தினமும் விடிந்ததும் கோயில் வாசலில் எண்பது மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். கறுமுகத் தளபதி என்ற சாமி கோவின் மேல் இறங்குவார். கோ உடம்பை உதறுவார், மேசையை அறைவார், மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் எதையோ கிறுக்குவார். அதில் அரிசிப் பசை தடவி, பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் இண்டு இடுக்கில்லாமல் ஒட்டுவார். விதிகள் இரண்டுதான். டேங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டு வர வேண்டும். காலி டேங்க் தளபதிக்கு ஆகாது. பாலத்தில் வண்டி நின்றால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, அது எரிந்து முடியும்வரை கும்பிட வேண்டும்.

வண்டி நின்றது. எல்லா வண்டியும் நின்றது. சந்தைக்குப் போகும் வழியில், நாலு கிலோமீட்டர் தாண்டி, சரியாகப் பாலத்தருகே நின்றது. ஊதுபத்தி அணைந்தபின் உதைத்தால் கிளம்பியது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

காகிதம் ஒட்டாத சிலர் நிற்காமல் போய்வந்தார்கள். "அவங்களைப் பேய் இன்னும் கவனிக்கல" என்றார் கோ. அவர்களும் பயந்துபோய் ஒட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேய் அவர்களையும் கவனித்தது.

நான் ஏதோ அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். மீன் வளர்ப்பவன். என் மூடியில் மூன்று காகிதம்.

மெக்கானிக் ஆ-ஹுவோ வண்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் இல்லை. பிளக்கைச் சுரண்டினான், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் துளையை ஊதினான். மஞ்சள் காகிதத்தை மட்டும் கும்பிட்டுவிட்டுத் தொடாமல் விட்டான். "கார்புரேட்டர் சுத்தமா இருக்குண்ணே. அப்போ பேய்தான்" என்றான். கார்புரேட்டருக்கும் பேய்க்கும் நடுவே மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதில் அதிகம் அடிபட்டவள் சுவாங் பி-யுன். போன வருஷம் கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அவன் விட்டுப்போன பழைய வண்டியில்தான் தோஃபு என்ற சோயாப்பால் கட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கழுவினாள். வண்டி தினமும் நின்றது. தோஃபு வெயிலில் புளித்தது. சாமியிடம் கேட்டாள்.

கோ நடுங்கினார். "பாலத்துல இருக்கறது வேற யாரும் இல்லடி. உன் புருஷன்தான். அவன் வண்டியை விட்டுக்குடுக்க மனசில்லாம பின்னாலேர்ந்து புடிச்சு இழுக்கறான். பேய்களுக்குப் படைக்கற ஏழாம் மாசப் பௌர்ணமிக்கு வண்டியைக் கோயிலுக்குக் குடுத்துடு. இல்லேன்னா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவான்."

"குடுத்துடு பி-யுன், குடுத்துடு!" என்று கூட்டம் கத்தியது. மற்ற எழுபத்தொன்பது வண்டிகளையும் அந்த மனுஷன் எதற்கு இழுக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கத்தினேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால், தோஃபு பொரிக்க எண்ணெய் டின்னில் ஆணியடித்துக் கவிழ்த்தாள் பி-யுன். குளக் குளக் என்று கொஞ்சம் வந்து நின்றது. எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டாள். எண்ணெய் ஒழுங்காக ஊற்றியது. தினமும் செய்கிற வேலைதான். அன்று ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம்.

மறுநாள் பாலத்தில் வண்டி நின்றதும் அவள் ஊதுபத்தியைத் தேடவில்லை. காகிதத்தைக் கிழித்து மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்றுகொண்டிருந்த பக்தன் நான்.

"அண்ணே, மூடியில ஊசி மாதிரி ஓட்டை இருக்கு பாருங்க. அது வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். அதைத்தான் கோ ஒட்டி அடைச்சிருக்கான். டேங்க் நிறைஞ்சிருந்தா உள்ள காத்தே இருக்காது, அதான் சீக்கிரமே நின்னுடுது. பத்தி எரியற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சுடுது. உங்களுதையும் திறங்க."

"தளபதி கோவிச்சுப்பாரும்மா."

"கூடையில மீன் நாறுதுண்ணே. அது பரவாயில்லையா?"

திறந்தேன். புஸ். தளபதி கோபித்துக்கொள்ளவில்லை.

பௌர்ணமியன்று கோயிலில் நிற்க இடமில்லை. பி-யுன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கோவின் முன்னால் நின்றாள்.

"சாமி, வண்டியைத் தரேன். ஒரே ஒரு வேண்டுதல். உங்க வண்டியில காகிதம் ஒட்டிட்டு நீங்க பாலத்தைத் தாண்டணும். என் புருஷன் உங்களுக்கு வழிவிட்டா இது உங்களுது."

"என் வண்டியில ஏற்கெனவே ஒட்டியிருக்கே!"

ஒட்டித்தான் இருந்தது. முன்விளக்கின் மேல்.

"அங்க வேணாம் சாமி. எங்களுக்கு ஒட்டற இடத்துல."

கோ வாயைத் திறப்பதற்குள் பக்தி முந்திக்கொண்டது. "நம்ம சாமிக்கு என்ன பயம்? ஒட்டுங்கடா!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். டேங்கை வழிய நிரப்பினார்கள். மரியாதைக்காக ஏழு காகிதம் ஒட்டினார்கள். கோ முகம் வெளுத்துக் கிளம்பினார். எங்கள் வண்டிகள் வழியில் நின்றுவிடும் என்பதால் நாங்கள் மீன் லாரியில் ஏறிப் பின்னால் போனோம்.

பாலத்துக்கு முன் திருப்பத்தில் லாரியை நிறுத்தி நாணலுக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். சாமியின் வண்டி இரண்டு முறை இருமியது, நின்றது. கோ சுற்றும் முற்றும் பார்த்தார். நடுங்கவில்லை. தளபதியைக் கூப்பிடவில்லை. விறுவிறுவென்று ஏழு காகிதத்தையும் கிழித்து மூடியைத் திறந்தார்.

"பத்தியே கொளுத்தலையே..." என்றான் ஆ-ஹுவோ.

பி-யுன்தான் முதலில் ஓடினாள். எங்களைக் கண்டதும் கோவுக்கு நடுக்கம் வந்தது. "தளபதி... தளபதி இறங்கறார்..."

"அவர் அப்புறம் இறங்கட்டும். நீ முதல்ல வண்டியை விட்டு இறங்குடா. செத்தவருக்கு வாய் இல்லேன்னுதானே அவர்மேல பழி போட்ட? என் புருஷன் உசுரோட இருந்தவரைக்கும் என் வண்டியைப் பின்னாலேர்ந்து தள்ளிவிட்டாரே தவிர, ஒருநாளும் புடிச்சு இழுத்ததில்ல!"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வருஷம் முழுக்க அடக்கிவைத்த அழுகை. கோ சாயங்காலப் பஸ்ஸில் ஊரைவிட்டுப் போனார். அவரைத் தடுக்க ஒரு பேயும் வரவில்லை. மறுநாள் பி-யுனின் தோஃபு புளிக்காமல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஆ-ஹுவோ என் காதருகே வந்தான். "அண்ணே, பக்கத்து ஊர்ல ஒரு சாமி காகிதத்தை சீட்டுக்கு அடியில ஒட்டறாராம். அது ஆபத்தில்லையாமே?"

இவனோடுதான் நான் வாழ வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரிலும் ஆ-ஹுவோக்கள் இல்லாமலா இருப்பார்கள்? ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டி நின்றால், கும்பிடக் கையைத் தூக்குமுன் அதே கையால் மூடியைத் திறந்து பாருங்கள். பேய் இருந்தால் வெளியே வரட்டும். நான் பார்த்தவரை, காற்றுதான் உள்ளே போனது.