வெள்ளை ஒயினுக்குப் பத்துப் பொருத்தம்

இந்த வாரத்துக்குள் எறா வறுவல் தின்றே தீருவது என்று தனகோட்டி சபதம் எடுத்தபோது, அவர் வாயில் உப்பில்லாத அவித்த சுரைக்காய் இருந்தது.

டாக்டர் ‘கொழுப்பு’ என்று சொன்னாலும் சொன்னார், செல்லக்கிளி வாணலியைப் பரணில் ஏற்றிவிட்டாள். புருஷனுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று அவளும் அதே சுரைக்காயைத் தின்றாள். அதனால் சண்டை போடவும் வழியில்லை. மைன்ஸில் மலை மலையாக மண்ணை வாரும் எந்திரத்தை ஓட்டுகிற மனுஷனால், குவார்ட்டர்ஸில் எண்ணெய் டப்பாவைத் தொட முடியவில்லை.

பாண்டிச்சேரி போனவர் ஒரு பாட்டிலோடு திரும்பினார்.

“என்னாங்க இது! வூட்டுக்குள்ள பாட்டிலா?”

“பதறாத கிளி. வெள்ளை ஒயின். ஆனா போதை கிடையாது. ஜீரோன்னு போட்டிருக்கான் பாரு.”

“போதையே இல்லாததுக்கு ஒயின்னு எதுக்குப் பேரு?”

“நாளைக்குக் கல்யாண நாளாச்சே, ஆளுக்கொரு கிளாஸ். ஆனா இதை வெறுமனே குடிக்கக் கூடாது. பொருத்தமான சாப்பாடு வேணும்.”

“நமக்கே யாரும் பொருத்தம் பார்க்கல. பாட்டிலுக்குப் பாக்கறீங்களா?”

தனகோட்டி போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைத் தொப்பிச் சமையல்காரர் ஒருவர், “இதற்கு மீன், எறா இரண்டும் அருமையான ஜோடி” என்றார். அத்தோடு சட்டென்று நிறுத்தினார் தனகோட்டி.

“கேட்டியா? நான் சொல்லல. அவரு சொல்றாரு.”

செல்லக்கிளி போனை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள். “சரி, வாங்கிக்கினு வாங்க. உரிச்சிக் குடுக்கறது உங்க வேலை.”

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மெயின் பஜாருக்குப் பறந்தார். பெரிய எறாவாகப் பொறுக்கினார். ஜென்மத்தில் முதல்முறையாக உட்கார்ந்து உரித்தார். பரணில் ஏறி வாணலியையும் அவரே இறக்கினார்.

“கிட்ட வராதீங்க, கவிச்சி அடிக்குது. நல்லா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்க.”

குளியலறைக்குள் வறுவல் வாசனை வந்தது. தனகோட்டி பாட்டே பாடினார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தால், எதிர்வீட்டு மலர்கொடி உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் எறா. செல்லக்கிளி தட்டிலும் எறா. தனகோட்டி தட்டில் வெள்ளரிக்காயும் அவித்த பீன்ஸும். பக்கத்தில் முழு பாட்டில்.

“என்னா கிளி இது?”

“நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. நான் வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தேன். எறாவை விட வெள்ளரிக்காய், பீன்ஸுக்குத்தான் இது இன்னும் பொருத்தமாம்.”

“அப்ப எறா?”

“அதுக்கு எலுமிச்சை ஜூஸே போதும். நாங்க அதை வெச்சிக்கினோம்” என்றாள். மலர்கொடி எறாவை மென்றுகொண்டே தலையாட்டினாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் செல்லக்கிளிக்கு மனசு கேட்கவில்லை. இருப்பதிலேயே பெரிய எறாவாக ஒன்றை எடுத்து அவர் வாயில் ஊட்டினாள். தனகோட்டி கண்ணை மூடி மென்றார். விழுங்க மனமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் அவர் கிளாஸில் ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த தடவை பாண்டிச்சேரி போனா சிவப்பு ஒயின் வாங்கியாங்க. அதுக்கு மட்டன்தான் ஜோடியாம். உங்களுக்கு பீட்ரூட் அவிச்சுத் தரேன்.”