சந்தேக நபருக்கு ஒரு நாற்காலி

எங்கள் தெருத் தையல்காரரின் கடையில் இஸ்திரிப்பெட்டி திருட்டுப் போயிற்று. சட்டத்தை மதிக்கும் குடிமகன் என்ற முறையில் அவர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அவர் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

அங்கே புகார்தாரர்களுக்கான பெஞ்சுக்கு ஒரு கால் கிடையாது. ஆகவே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை வைத்த நாற்காலியில் ஒருவன் சாய்ந்திருந்தான். பஸ்ஸில் பர்ஸ் அடித்ததாகப் பிடித்து வரப்பட்டவன். ஏட்டு அவன் பக்கம் குனிந்து, "சர்க்கரை போதுமா தம்பி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சார் அநியாயம்! இவனுங்களை எல்லாம் கேள்வியே கேக்காம நாலு தட்டு தட்ட வேணாமா?"

நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

"மெதுவா பேசுங்க, அவர் மனசு புண்படும்," என்றார் ஏட்டு. "இன்ஸ்பெக்டர் அய்யா பயிற்சிக்குப் போயிட்டு வந்திருக்காரு. நம்ம நிலையம் இப்போ உரிமை மாடலுக்கு மாறியாச்சு. சந்தேக நபருக்கு நாற்காலி, டீ, டாக்டர், வக்கீல், வீட்டுக்கு ஒரு போன். எல்லாம் மேலிடத்து உத்தரவு."

"புகார் குடுக்க வந்தவனுக்கு?"

"உங்களைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் வரல."

தையல்காரரின் கால் மரத்துப்போன பிறகு ஏட்டு அவரைக் கூப்பிட்டார். "யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"யாரைன்னு சந்தேகப்படறது? பூட்டு உடையல. சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

ஏட்டின் முகம் மலர்ந்தது. "உங்ககிட்ட மட்டும்தானா? அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா? உட்காருங்க சார், உட்காருங்க!"

இவ்வாறாகத் தையல்காரர் தம்முடைய இஸ்திரிப்பெட்டியைத் தாமே திருடியிருக்கக்கூடும் என்ற ஐயப்பாட்டின் பேரில் நாற்காலி பெற்றார். டீ வந்தது. டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். வக்கீல் வந்து, "நீங்க வாயே திறக்க வேண்டாம். பேசாம இருக்கறது உங்க உரிமை," என்றார்.

போன் கிடைத்து ஓடி வந்த அவர் மனைவி இதைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "பேசாம இருங்கன்னு நானும் தினம் தலைபாடா அடிச்சுக்கறேன். அது இவரோட உரிமைன்னு தெரியாமப் போச்சே!"

மாலையில், எப்போது கூப்பிட்டாலும் வருவதாகச் சொல்லிவிட்டு, தையல்காரர் வீடு திரும்பினார். சேதி தெருவெல்லாம் பரவியது. மறுநாள் முடிதிருத்துபவர் தம்முடைய கத்தரிக்கோல் விஷயத்தில் தம்மைச் சந்தேகிக்கும்படி மனுக் கொடுத்தார். தையல்காரரின் மச்சானுக்கு ரொம்ப நாளாகப் பல்வலி. அவர் எந்தக் குற்றம் என்றுகூடச் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பல்லைப் பிடுங்கிய பிறகு, குற்றத்தை யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இதில் ஒரு சிறு சிக்கல். மாவட்டத்திலேயே அதிகமான சந்தேக நபர்கள் எங்கள் நிலையத்தில்தான் என்ற புள்ளிவிவரம் பத்திரிகையில் வந்தது. தெரு திடுக்கிட்டது.

"நம்ம ஊர்ல இத்தனை திருடனுங்களா!" என்றார் பல் போன மச்சான். "சட்டம் ரொம்பத்தான் இடம் குடுக்குது."

கடும் நடவடிக்கை வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். முன்னால் கோஷம் போட்டவர் தையல்காரர்.

மக்கள் குரலுக்குச் செவிசாய்ப்பதே நல்லாட்சி அல்லவா? இன்ஸ்பெக்டர் உடனடியாக இன்னொரு பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். இந்த முறை உரிமை மாடலுக்குப் பதில் வேக மாடலோடு திரும்பினார். மெத்தை நாற்காலி அவருடைய அறைக்குப் போயிற்று. நிலுவையிலுள்ள சந்தேகங்கள் அனைத்தையும் தீர்க்கும்படி உத்தரவு. முதல் சந்தேகம் தையல்காரர்.

"சார், நான்தான் சார் புகார் குடுத்தவன்!"

"தெரியுது. திருடினதும் இல்லாம புகாரும் குடுத்திருக்கே."

"என் வக்கீலைக் கூப்பிடுங்க."

இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். "நீ குத்தம் செய்யலைன்னா உனக்கு வக்கீல் எதுக்கு? செஞ்சிருந்தா உனக்குப் போய் எதுக்கு வக்கீல்?"

தையல்காரர் வக்கீல் சொன்ன உரிமையைப் பிடித்துக்கொண்டார். பேசாமல் இருந்தார்.

"பாத்தீங்களா ஏட்டு, வாயைத் திறக்க மாட்டேங்கறான். அழுத்தக்காரன்."

அப்புறம் கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. மூன்றாவது தட்டில் தையல்காரருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. திருடிய பொருள் எங்கே என்றபோதுதான் தடுமாறினார். அவர் மனைவி அழுதுகொண்டே கடைக்குப் போய் ஒரு புது இஸ்திரிப்பெட்டி வாங்கி வந்தாள்.

"இது புதுசா இருக்கேம்மா," என்றார் ஏட்டு சங்கடத்தோடு.

"உள்ள வெச்சா பழசாயிடும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

திருட்டுப் பொருளுடன் திருடன் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. தெருவுக்கு நிம்மதியாக இருந்தது.

ஜாமீனில் வந்த தையல்காரர் ஒரு வாரம் குனிந்த தலை நிமிரவில்லை. உட்காரும்போது மட்டும் லேசாக முனகுவார். பிறகு கடையைத் திறந்தார். அன்றைக்குத்தான் முடிதிருத்துபவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பாவம், அவர் என்ன பண்ணியிருக்கப் போறார்?" என்றார்.

தையல்காரர் அளவு நாடாவை உருவிக்கொண்டே, "சும்மாவா சார் பிடிப்பாங்க? ஏதாவது பண்ணியிருப்பான்," என்றார்.

வாத்தியார் தயங்கினார். "உங்களையும்தானே பிடிச்சாங்க?"

"என் விஷயம் வேற சார்," என்றார் தையல்காரர். "கையைத் தூக்குங்க."

எங்கள் தெருவில் இப்போது அனேகமாக எல்லோரும் ஒருமுறை உள்ளே போய்வந்தவர்கள். விசாரித்துப் பாருங்கள். ஒவ்வொருவர் விஷயமும் வேறுதான். மற்றவர்கள் எல்லோரும் ஏதோ பண்ணியிருக்கிறார்கள்.