மனுசிக்கு ஆந்தை காட்டப் போன கதை

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மனுசி கலாவை வடக்கில இருக்கிற ஒரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளை ஆந்தை காட்டுறது.

கலாவுக்கு உந்தப் பறவை விசர் பிடிச்சுக் கொஞ்சக் காலம். எல்லாம் பாத்திட்டா. வெள்ளை ஆந்தை மட்டும் அம்பிடேல்லை. விண்டரிலதான் அது ஆர்க்டிக்கில இருந்து அந்தத் தீவுக்கு இறங்குமாம்.

"நான் ஏனப்பா? காருக்குள்ளயே இருக்கிறனே?" எண்டு கேட்டுப் பாத்தன்.

"எங்கட ஸ்காபரோவில மற்ற ஆம்பிளையள் மனுசிமாரை மெக்சிக்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போகினம். நான் கேட்டது ஒரு ஆந்தை!"

பேச்சு முடிஞ்சுது.

கலர் உடுப்புக்குப் பறவை பயந்திடுமாம். எனக்கு வெள்ளை ஜக்கெற், வெள்ளைத் தொப்பி, மூக்கு வரைக்கும் வெள்ளை மப்ளர். கண்ணுக்கு மகன் பனியில சறுக்கேக்கை போடுற ஸ்கீக் கண்ணாடி. அது மஞ்சள்.

ஃபெரியால இறங்கினால் தீவு முழுக்கப் பனி வயல். மரம் மட்டை ஒண்டும் இல்லை. எங்களோட ஒரு வான் வண்டி நிறையப் பறவை பாக்கிற ஆக்கள். கூட்டிக்கொண்டு போனவர் டேவ், தாடியெல்லாம் ஐஸ்.

"றோட்டை விட்டு ஒருத்தரும் இறங்கக் கூடாது," எண்டார்.

நான் ஃபெரியில பெரிய கோப்பி குடிச்சிருந்தன்.

எல்லாரும் தொலைநோக்கி பூட்டிற நேரம் பாத்து, மெல்லமாப் போய் ஒரு பனி மேட்டுக்குப் பின்னால அலுவலை முடிச்சன். திரும்பி வரேக்கை குறுக்கால நடந்தன்.

பொதக்!

பனிக்குக் கீழ தண்ணியில்லாத வாய்க்கால்! கழுத்து வரைக்கும் இறங்கிட்டன். வெளியில தெரிஞ்சது தலை மட்டும்தான்.

"கலா! கலா!"

காத்து அவையின்ர பக்கத்தில இருந்து அடிச்சுது. அவை கதைக்கிறது எனக்குக் கேக்குது. நான் கத்திறது அவைக்குக் கேக்கேல்லை.

"டேவ், அங்க பார்! வெள்ளையா ஒண்டு!" எண்டா ஒரு வெள்ளைக்காரி.

அவ்வளவு தொலைநோக்கியும் என்ர பக்கம் திரும்பிச்சுது.

"கண் மஞ்சள்! ஆந்தையேதான்!" எண்டார் டேவ். "இவ்வளவு பெரிசை நான் வாழ்க்கையில கண்டதில்லை!"

தலையை ஆட்டிப் பாத்தன்.

"தலையைத் திருப்புது! என்ன வடிவு!"

ஒரு கையை இழுத்தெடுத்து ஆட்டினன்.

"செட்டை அடிக்குது! பறக்கப் போகுது!"

சடசடவெண்டு படம் எடுத்திச்சினம்.

கடைசியில கலா குனிஞ்சு பாத்தா. நிமிர்ந்தா. திரும்பவும் குனிஞ்சா.

"ஸொறி," எண்டா. "உது ஆந்தை இல்லை. என்ர ஹஸ்பன்ட்."

சிரிப்பெண்டால் அப்பிடிச் சிரிப்பு! ஒருத்தர் வான் கதவைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

அப்பதான் கண்டன். அவையின்ர முதுகுக்குப் பின்னால, வேலிக் கட்டையில, பூனையளவில ஒண்டு இருந்து என்னையே பாக்குது. சுத்த வெள்ளை!

"பின்னால! பின்னால!" கத்திக் கத்திக் கை காட்டினன்.

எல்லாரும் சிரிச்சுக்கொண்டு எனக்குத் திரும்பக் கை காட்டிச்சினம். கலாவும்தான்.

அது சத்தமில்லாமல் செட்டையை விரிச்சு, பனிக்கு மேலால மிதந்து மிதந்து போய் மறைஞ்சுது. குளிரும் மறந்து, வெக்கமும் மறந்து, வாயைப் பிளந்துகொண்டு பாத்தன். உண்மையாவே வடிவுதான்.

டேவ் பனி அள்ளுற சவளோட வந்து என்னைக் கிண்டி எடுத்தார். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆந்தையைக் கண்டதைச் சொல்லிப்போட்டன்!

"உடம்பில புள்ளி கிள்ளி இருந்ததோ?" எண்டார் டேவ்.

"இல்லை. பால் வெள்ளை."

"கடவுளே! வளர்ந்த ஆண் ஆந்தை! உது லேசில அம்பிடாது. நீர் குடுத்து வைச்ச ஆள்!"

கலா என்னை ஒரு பார்வை பாத்தா. எனக்கெண்டு ஊத்தின தேத்தண்ணியைத் தானே குடிச்சா.

பொழுதுபடும் வரைக்கும் நிண்டம். ஒரு காகம்கூட வரேல்லை. வீடு வந்து சேருமட்டும் காருக்குள்ள, வெளியில இருந்ததை விடக் குளிர்.

இப்ப ஆர் கேட்டாலும் நான் சொல்லுறது இதுதான்: மனுசி காணாத ஆந்தையை நானும் காணேல்லை.