கொய்ங் அண்ணாச்சியின் காது

தாராவியில் மனிதர் ஒருவரையும் நம்பாமல், மண்ணை மட்டுமே முழுசாக நம்பி வாழ்ந்த ஒரே ஆள் எங்கள் கொய்ங் அண்ணாச்சிதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை.

அறுபதுகளில் நான் பம்பாயில் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. குடியிருந்தது தாராவி மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில், அண்ணாச்சிக்கு அடுத்த அறை. அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், தொழில் ரேடியோ ரிப்பேர். கல்யாணம் காட்சி கிடையாது. திருட்டுச் சாமானும் பழைய சாமானும் விற்கும் சோர் பஜாரில் ஒருநாள் பழைய பட்டாளத்து மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். பூமிக்குள் கண்ணிவெடி இருக்கிறதா என்று சிப்பாய்கள் தேடும் மிஷின். தோளில் மாட்ட ஒரு மரப்பெட்டி, கையில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத் தட்டு. தரைக்குள் உலோகம் இருந்தால் காதில் மாட்டிய ஹெட்போனில் ‘கொய்ங்’ என்று கத்தும். அன்றோடு ரேடியோக்கள் அநாதையாயின. அண்ணாச்சிக்கும் புதுப் பெயர் வந்தது.

பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘காது’. காதைக் கூட்டினால் ஆழத்தில் கிடப்பதும் கேட்கும். குறைத்தால் மேலாகக் கிடப்பது மட்டும் கேட்கும்.

“கூட்டியே வச்சிரலாமே அண்ணாச்சி” என்றேன் ஒருநாள்.

“கூட்டுனா ஊர்ல உள்ள ஆணி பூராவும் கத்தும்வே. எல்லாஞ் சொல்லுதத கேட்டா ஒருத்தன் சொல்லுததும் கேக்காது” என்றார். எங்கள் ஆபீஸ் மானேஜருக்குக்கூட இந்த ஞானம் கிடையாது.

பாகிஸ்தான் சண்டை நடந்த சமயம், மாஹிம் கடற்கரையில் ஹெட்போனும் கம்புமாக நின்றவரை உளவாளி என்று ஒரு ஹவல்தார் பிடித்துக்கொண்டார்.

“க்யா டூண்ட்தா ஹை?” என்ன தேடுகிறாய் என்று அதட்டல்.

“பைசா, சாப்.”

“கிஸ்கா பைசா?”

யாருடைய காசு என்பது கிடைத்த பிறகுதானே தெரியும் என்று அண்ணாச்சி சாவதானமாக விளக்கியபடியே தட்டை ஹவல்தாரின் இடுப்பு நோக்கி நீட்டினார். பெல்ட் பக்கிள் கொய்ங் என்றது. “சாப், ஆப் மே லோஹா ஹை” என்றார், மனசார. உங்களிடம் இரும்பு இருக்கிறது என்றதை ஹவல்தார் பாராட்டாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்படி இரண்டு வருஷத்தில் அவர் கண்டெடுத்தவை: ஒரு சைக்கிள் பெல், கதவுக் கீல்கள், லாடம், கணக்கற்ற சோடா மூடிகள். சந்தே சிரித்தது. அவர் அசரவில்லை. “மிஷினு பொய் சொல்லாது. நாந்தான் இன்னும் சரியா கேக்கல” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியக்கா அவரைத் தேடி வந்தாள். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இட்லிக்கடை போட்டிருந்தவள். புருஷன் துறைமுகத்தில் சரக்கு மூட்டை சரிந்து செத்துப்போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு பெண் குழந்தைகள். அவள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவன் வெள்ளி ரூபாய்களைச் சேர்த்து ஒரு பித்தளைச் செம்பில் போட்டு வீட்டுக்குள் எங்கோ புதைத்திருந்தான். “வீட்டுக்குள்ளதான் இருக்கு, பயப்படாத” என்று மட்டும் கடுதாசியில் சொன்னவன், அவள் திரும்பி வந்து இடத்தைக் காட்டுவதற்குள் போய்விட்டான்.

தோண்டிப் பார்த்தால் போயிற்று என்பீர்கள். தாராவியில் ஒவ்வொரு மழைக்கும் கழிமுகத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு வருஷமும் செங்கல் தூளும் சாம்பலும் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். பேச்சியக்கா வீட்டில் கூரை இருந்த இடத்திலேயே இருக்க, தரை இடுப்பளவு ஏறிவிட்டது. இரண்டு தடவை தோண்டியதில் குழியில் ஊற்று வந்ததும், பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்ததும்தான் மிச்சம்.

இப்போது கார்ப்பரேஷன் நோட்டீஸ் வந்துவிட்டது. சாக்கடை வெட்ட அந்த வரிசை வீடுகளை எட்டே நாளில் காலி செய்ய வேண்டும்.

“எனக்கு வேற போக்கு இல்ல அண்ணாச்சி. ஊரு சிரிக்கட்டும், நீங்க வாங்க” என்றாள்.

அண்ணாச்சி போனார். செம்பு ஆழத்தில் கிடக்கிறதே என்று காதை முழுசாகக் கூட்டினார். மிஷின் ஒப்பாரி வைத்தது. வீடே தகரம், சுவரும் தகரம், கூரையும் தகரம். காதைக் குறைத்தார். மிஷின் ஊமையானது. பாத்திரம் பண்டங்களைத் தெருவில் வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வளையலையும் மெட்டியையும் கழற்ற வேண்டும் என்றார். ஒருத்தி, “தாலியையும் கழத்தணுமா வே?” என்று விளக்குமாற்றை எடுத்தாள். அந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டார்.

ஏழு நாள் பாடுபட்டும் பலனில்லை. ஏழாம் நாள் சாயங்காலம் சொன்னார்: “தங்கச்சி, கூரையையும் சுவரையும் பிரிச்சிருவோம். தகரம் வாயை மூடினாத்தான் செம்பு பேசுதது கேக்கும்.”

பேச்சியக்கா எழுந்து நின்றாள். “என் கையால ஒரு தகரத்தையும் எடுக்க மாட்டேன். இடிக்க வாரவன் இடிக்கட்டும். நானே பிரிச்சுக் குடுத்தேன்னு இருக்கக் கூடாது. செம்பு கெடைக்காட்டியும் சரி.”

அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றினார். “சரிதான்” என்று பெட்டியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் யாரிடமும் அதற்குமுன் சரிதான் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் நான் ஆபீஸுக்கு லீவு போட்டேன். காலையிலேயே லாரி வந்தது. கடப்பாரைகளோடு ஆட்கள் இறங்கினார்கள். பேச்சியக்கா இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள், அழவில்லை. தகரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று லாரியில் ஏறின. கடைசித் தகரம் போனதுதான் தாமதம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெட்போன் மாட்டிய அண்ணாச்சி உள்ளே புகுந்து வெறும் தரையின் நடுவே நின்றார்.

“ஏய், ஹட்!” என்று விலகச் சொல்லிக் கத்தினார் கார்ப்பரேஷன் சூப்பர்வைசர்.

“சுப்!” என்றார் அண்ணாச்சி, அதைவிடப் பெரிதாக.

கார்ப்பரேஷனை ஒருவன் வாயை மூடச் சொன்னதை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம். சூப்பர்வைசரும் முதல்முறையாகக் கேட்டார் போலிருக்கிறது, திகைத்து நின்றார்.

“லாரியப் பின்னால எடுக்கச் சொல்லும்வே, அது கத்துது!” என்றார் அண்ணாச்சி என்னிடம். நான் இந்தியில் சொன்னேன். டிரைவருக்கு ஆர்வம் தாங்கவில்லை, எடுத்துவிட்டான். “கடப்பாரைய எல்லாம் தள்ளி வைக்கச் சொல்லும்!” அதையும் வைத்தார்கள். அண்ணாச்சி குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஈரமண் முனகுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே காதை நிறுத்தி, தட்டைத் தரையை உரசாமல் விரற்கடை தூக்கி, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நூறு பேர் நின்ற இடத்தில் ஒருத்தரும் இருமவில்லை.

அடுப்பு இருந்த மூலைக்கு ஒரு முழம் இப்பால் நின்றார். போனார், திரும்பி வந்தார். காலால் ஒரு கோடு கிழித்தார்.

“இங்க வெட்டு.”

இடிக்க வந்த ஆட்களே வெட்டினார்கள். இடுப்பளவு போனதும் தண்ணீர் ஊறியது. ஒருவன் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவி, பச்சை பூத்த ஒரு செம்பை வெளியே இழுத்தான்.

சூப்பர்வைசருக்கு அதிகாரம் திரும்பி வந்துவிட்டது. புதையல் என்றால் சர்க்காரி மால், அரசாங்கச் சொத்து, ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று கையை நீட்டினார். அண்ணாச்சி குறுக்கே நின்றார்.

“பொதையலா? இது இவ வீடு. இவ புருஷன் வச்சது. வேணும்னா மொதல்ல என்னையத் தூக்கி லாரில போடு.”

“கழுத்துல எம் பேரு வெட்டியிருக்கும். எங்கம்மா குடுத்த சீரு” என்றாள் பேச்சியக்கா.

செம்பை வாங்கி என் வேட்டி முனையால் தேய்த்தேன். புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்துகள். ‘பேச்சியம்மாள்’ என்று உரக்கப் படித்தேன். சூப்பர்வைசர் எழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுற்றி நின்ற சந்துச் சனத்தைப் பார்த்தார். “லே ஜா”, எடுத்துப் போ, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் செம்பு ஊரின் ஓரத்தில் மான்குர்தில் அவளுக்கு ஓர் அறையும் முன்னால் ஒரு கடையுமாக மாறியது. அண்ணாச்சிக்குப் பாதியைக் கொடுக்க வந்தாள். “காசு வேண்டாம். மிஷினு நல்ல மிஷினுன்னு சந்து முழுக்கக் கேக்குத மாதிரி ஒருக்காச் சொல்லு, போதும்” என்றார். அவள் தெரு நடுவில் நின்று மூன்று தடவை கத்தினாள். விளக்குமாறு எடுத்தவளும் வந்து கேட்டாள்.

கல்யாணமாகி நான் டோம்பிவிலிக்குக் குடிபோனபோது, லோக்கல் ரயில் நெரிசலில் மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். புது வீட்டின் தரை முழுவதும் தட்டை ஓட்டினார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி, “சுத்தமான தரைவே. ஆணிகூட இல்ல. பிள்ளைங்க பயமில்லாம ஓடலாம்” என்றார்.

அவர் ஸ்டேஷனுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக, “யார் சார் இந்த ஆளு?” என்று கேட்டார்.

“எங்க அண்ணன்” என்றேன்.