தார்ப்பாய்க்குள் ஒரு ஜப்பான் கார்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நானாக எடுத்தே தீருவது என்று போன மாதம் முடிவெடுத்தேன். கறாராகப் பார்த்தால் அதுவே ஒரு முடிவுதான். ஆனால் இதையெல்லாம் சேர்த்துக்கொண்டால் நாலு பேர் சிரிப்பார்கள்.

என் பெயர் பஞ்சாபகேசன். ஜாகை மாட்டுங்காவில், இரண்டாவது மாடி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் முப்பத்திநாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிடையர் ஆனவன். ஊரார் சரக்கு எத்தனையோ நான் நிரப்பிய ஃபாரத்தை நம்பிக் கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறது. எனக்கென்று ஓர் அழிரப்பர்கூட இறங்கியதில்லை.

வீட்டில் எல்லாம் என் மனைவி அம்மிணியின் தீர்மானம். சுவருக்கு என்ன பெயிண்ட், பெண் ஹரிதாவுக்கு எந்தக் காலேஜ், எந்த மாப்பிள்ளை, எல்லாம் அவள்தான். போன வருஷம் எனக்குப் பல்வலி வந்தது. டாக்டர் என் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எதைப் பிடுங்கலாம்?" என்று அவளைக் கேட்டார். அவள் காட்டிய பல்லைப் பிடுங்கினார். வலியும் நின்றுவிட்டது. அவள் எடுத்த முடிவு ஒன்றாவது தப்பாகப் போயிருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அப்போதுதான் முகைதீன் போன் செய்தான். என்னோடு ஆபீசில் இருந்தவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலையை விட்டுவிட்டு மான்குர்த்தில் யார்டு போட்டு, வெளிநாட்டு வண்டிகளை வாங்கி விற்கிறான்.

"சாமி, ஒரு இம்போர்ட் பேப்பர் எனக்கு வெளங்க மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுதியளா?"

கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி, வடாலாவில் மாறிப் போய் இறங்கினேன். பேப்பரில் ஒன்றுமே இல்லை. பச்சைக் குழந்தைக்குக்கூட விளங்கும். சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, யார்டின் கோடியில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று கண்ணில் பட்டது.

"அது என்ன முகைதீன்?"

"அது கெடக்கு சாமி. அத எதுக்குப் பாக்குதிய?"

"சும்மாத்தான் கேக்கறேன்."

"வேண்டாம் சாமி. ஜப்பான் வண்டி, சின்ன செடான். இங்க வேலைக்கு வந்த இன்ஜினியர் ஒருத்தர் அவுக ஊர்லேருந்து கையோட கொண்டாந்தாரு. திரும்பிப் போகயில என் தலைல கட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்கான். எல்லாவனுக்கும் ஒசரமான வண்டில்லா வேணுங்கு!"

'ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்கான்.' இந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்குக் கால் நகராது. மார்க்கெட்டில் எல்லோரும் மேலே இருக்கிற கத்தரிக்காயைப் பொறுக்குவார்கள். நான் கூடைக்கு அடியில் கை விடுவேன். துணிக்கடையில் மூலையில் கிடக்கிற கட்டைத்தான் பிரிக்கச் சொல்வேன். ஊர் கண்ணுக்குத் தப்பிய மாணிக்கம் எனக்கு மட்டும் அகப்படும் என்று ஒரு நம்பிக்கை. இதைப் பெருமையாகச் சொன்னபோது அம்மிணி, "எங்கப்பாவுக்கும் இந்த வியாதி உண்டாக்கும். நாலு ஜாதகம் வந்தது. யாரும் சீண்டாம அடியில கெடந்ததை எடுத்தார்" என்றாள்.

தார்ப்பாயை விலக்கினேன். ரசத்து மண்டி நிறத்தில் ஓர் அடக்கமான கார். கீறல் கிடையாது. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு ஃபைல். எண்ணெய் மாற்றிய தேதியிலிருந்து வைப்பர் மாற்றிய தேதி வரை, அந்த ஜப்பான்காரர் தன் கையாலேயே முத்து முத்தாக எழுதிவைத்திருந்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் ஒரு குமாஸ்தாவின் நெஞ்சு இன்னொரு குமாஸ்தாவை அறியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாவியைத் திருப்பினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ஜப்பானிய மொழியில், மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னது.

"என்ன சொல்றா முகைதீன்?"

"யாருக்குத் தெரியும் சாமி? அதயும் மாத்த முடியல. அதனாலயும் வெல போகல."

எனக்கோ அதுதான் மிகவும் பிடித்திருந்தது. ஒரு பெண்மணி எனக்கு உத்தரவு போடுகிறாள், எனக்குப் புரியவில்லை, ஆகவே கீழ்ப்படிய வேண்டியதில்லை. இப்படி ஒரு சுகம் கல்யாணமான நாளாக நான் கண்டதில்லை. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தேன். "நல்லா யோசிச்சுக்கோங்க சாமி" என்று முகைதீன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் என் உறுதி ஏறியது.

ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். அம்மிணியிடம் சொன்னால் சரி என்பாள், அல்லது வேண்டாம் என்பாள். சரி என்றால் அது அவள் முடிவு. வேண்டாம் என்றாலும் அவள் முடிவு. ஆகவே சொல்லவே கூடாது. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "அம்மிணி, கீழே வந்து பார்" என்று ஒரே வார்த்தை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

மறுநாளிலிருந்து காலை வாக்கிங் என்ற பெயரில் மான்குர்த்துக்கு ஓட ஆரம்பித்தேன். பெயர் மாற்ற ஒரு நாள், இன்ஷூரன்சுக்கு ஒரு நாள், பிரேக் பார்க்க ஒரு நாள்.

"ஏன்னா, வாக்கிங் போயிட்டு வர மூணு மணி நேரமா? பூனா வரைக்கும் நடந்தேளோ?"

"டாக்டர் நன்னா நடக்கச் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்."

"செரி. வெறுங்கையோட போகாதீங்கோ. ஆதார் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் பையில வெச்சிருக்கேன்."

"வாக்கிங் போக ஆதார் என்னத்துக்கு?"

"காலம் கெட்டுக் கெடக்கு. நடக்கறவாளை யாராவது நிறுத்திக் கேட்டா?"

அன்றைக்கு யார்டில் முதலில் கேட்டது ஆதார் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும்தான். பகவான் என் பக்கம் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. இனி வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். அங்கேதான் என் கால் பின்னியது. பூஜை போடாத வண்டியை எப்படித் தொடுவது? எங்கள் குடும்பத்தில் சைக்கிளுக்கே பூஜை போட்டுத்தான் பெடலில் கால் வைப்போம். பம்பாய் டிராபிக்கில் எலுமிச்சம்பழம் நசுக்காத சக்கரத்தோடு இறங்க எனக்குத் தைரியம் போதவில்லை. பெண்டாட்டிக்கு மறைத்தாலும் பிள்ளையாருக்கு மறைக்க முடியுமா? கோயில் ஆபீசுக்குப் போனேன். அங்கே டிக்கெட் கொடுக்கிற சாய்நாத் எங்களை இருபது வருஷமாக அறிந்தவர்.

"வாகன பூஜைக்கு எழுதணும். ஆத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன், கவுண்டருக்குள் தலையை நுழைத்து.

"என்ன வண்டி மாமா?"

"ஜப்பான் கார். செகண்ட் ஹாண்ட். பிரௌன்."

சாய்நாத் ரெஜிஸ்டரைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது ஆல்ரெடி புக் ஆயிருக்கே மாமா. வெள்ளிக்கிழமை ஒம்பது மணி. நம்பர்கூட எழுதியிருக்கு பாருங்கோ."

"யார் புக் பண்ணினா?"

"அம்மிணி மாமிதான்."

"என்னிக்கு?"

"ரெண்டாம் தேதி."

நான் அந்தக் காரை முதல்முதலாகப் பார்த்தது ஐந்தாம் தேதி.

"மாமா, உக்காருங்கோ. ஜலம் வேணுமா?"

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மிணி நாற்காலியில் காலை நீட்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கோயிலுக்குப் போனேளா?"

"அம்மிணி, அந்தக் காரை நான் பாக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே நீ எப்படி...?"

"முகைதீன் பெண்டாட்டி மதீனா பீவிதானே எனக்கு பிளவுஸ் தெச்சுத் தரா? அவதான் சொன்னா, இப்படி ஒரு வண்டி வந்திருக்குன்னு. போய்ப் பாத்தேன். வாசல்ல தொடச்சு மினுக்கி, மாலை போடாத குறையா நிறுத்தி வெச்சிருந்தான். அப்படி இருந்தா நீங்க ஏறெடுத்தும் பாக்க மாட்டேளே! கோடிக்குத் தள்ளித் தார்ப்பாயைப் போடு, அவர் கேட்டா வேண்டாம்னு சொல்லுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"அப்போ அந்த இம்போர்ட் பேப்பர் சந்தேகம்?"

"அதுவும் நான்தான்."

"என்கிட்ட நேரே கேட்டிருக்கலாமே?"

"கேக்கலையா? ஏழு வருஷமா கேக்கறேன். ட்ரெயின் இருக்கச்சே கார் என்னத்துக்குன்னு ஏழு வருஷமா சொல்றேள்."

சொன்னது உண்மை. அந்த வாக்கியம் என்னுடையதுதான்.

"ஹரிதாவுக்கு எட்டாம் மாசம். வாரம் ரெண்டு தடவையாவது டோம்பிவிலி போகணும். ஸ்டேஷன் பிரிட்ஜுல பாதி ஏறச்சே முட்டி நின்னுபோறது. அவளுக்குக் கொண்டுபோற சாப்பாட்டுச் சம்படத்தைக் கையில வெச்சுண்டு, யாராவது பிடிச்சு ஏத்தி விடுவாளான்னு பாத்துண்டு நிக்கறேன். உங்க கிட்ட சொன்னா பதறிப்போயிடுவேள். அதான் சொல்லலை."

எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் அந்தத் தைல வாசனையில்தான் பேப்பர் படித்தேன். ஒரு நாளாவது என்ன என்று கேட்கவில்லை. தைல பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, கீழே உட்கார்ந்து நானே தேய்த்துவிட்டேன். நல்ல கார், நல்ல காரணம், சரியான ஆள் தேர்ந்தெடுத்தது. சந்தோஷமாகவே இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அப்போ இதுல என்னோட முடிவுன்னு ஒண்ணுமே கிடையாதா, அம்மிணி?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். யாருக்கும் சேர வேண்டியதை மறுக்கிறவள் இல்லை அவள்.

"ஏன் இல்லை? எனக்குத் தெரியாம வாங்கணும்னு முடிவு பண்ணினேளே, அது முழுக்க உங்களோடதாக்கும். நான் எதிர்பாக்கவே இல்லை. அதனாலதான் போன வெள்ளிக்கிழமைக்கு எழுதி வெச்ச பூஜை ஒரு வாரம் தள்ளிப்போச்சு."