பீப் மாமாவின் வரிசை

திருச்சி விமான நிலையத்தில் சோதனை வரிசை திடீரென்று சரசரவென நகர்ந்தால், முன்னால் நிற்பவர் எங்கள் தெருக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கூடுதல் காசு கட்டித் தனி வழியில் போகிறவர்களையே முந்திவிடுவோம். எல்லாம் பீப் மாமா போட்ட பிச்சை.

காரைக்காலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ குவைத்திலோ இருப்பார். மாமாவோ அம்பகரத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் யார் ஊருக்கு வந்தாலும், "எங்க நிறுத்துனான்? எதுக்கு நிறுத்துனான்?" என்று குடைந்து குடைந்து கேட்டதில், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

பயணத்துக்கு முதல் நாள் அவர் வீட்டில் ஒத்திகை. வாசல் நிலைதான் சோதனைக் கதவு, பிரியாணித் தாம்பாளம்தான் ட்ரே. நாங்கள் நுழைந்ததும் மாமா வாயாலேயே அலறுவார்: "பீப்!"

"பெல்ட்டு எங்க?"

"இடுப்புல மாமா."

"வரிசையில நின்னுக்கிட்டா கழட்டுவ? திருச்சி போற வேன்லயே கழட்டிப் பையில போடு. வாட்ச்சு, சாவி, சில்லறை எல்லாம் அதுலயே. லேப்டாப்ப மேலாக வையி. அடியில வச்சிட்டு அங்க போயி கோழி மாதிரிக் கிளறாத!"

அப்படி பெல்ட்டைக் கழற்றிப் பேன்ட் நழுவிய ஒருவருக்கு, அன்றைக்கே டெய்லரிடம் ஓடி எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தார். மக்காவுக்கு உம்ரா கிளம்பிய பக்கத்து வீட்டு லாத்தாவுக்கு எட்ட நின்று பதினேழு பீப் போட்டார்.

"குத்தியிருக்கிற ஊக்கையெல்லாம் எடுத்தா உடுப்பே நிக்காது மாமா!"

"அப்ப தச்சிக்கிட்டுப் போம்மா!"

என் உம்மா எனக்குத் தெரியாமல் கைப்பையில் வைத்த இறால் ஊறுகாயையும் மோப்பம் பிடித்தார். "இத பெரிய பெட்டியில போடும்மா. இல்லாட்டி புள்ள துபாய் போயிருவான், ஊறுகாய் திருச்சியிலேயே நின்னுரும்."

மாமி இறந்தபின் மாமா தனியாள். பாரிஸில் இருக்கும் மகள் விடாமல் அழைத்து, போன மாதம் அவரும் கிளம்பினார். இனி அங்கேதான். திருச்சிவரை நான் கொண்டுபோய் விட்டேன். அவர் உள்ளே போய் வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"மாமா, சோதனை முடிஞ்சிருச்சா?"

"வரிசையிலதான் நிக்கிறேன் தம்பி."

"இன்னுமா? நீங்களா?"

"போனை ட்ரேயில போட்டுட்டா பேச முடியாதுல்ல... சார், நீங்க போங்க. ஏம்மா, கைப்புள்ளயோட நிக்கிற, நீ முன்னாடி போ." மறுபடி போனில் என்னிடம் வந்தார். "நம்ம தெருவுல இன்னிக்குத் தண்ணி வந்துச்சா தம்பி?"

"நான் இன்னும் திருச்சியிலதான் இருக்கேன் மாமா."

"ஆமால்ல."

மறுபடி யாரையோ முன்னால் போகச் சொல்வது கேட்டது.

"பின்னால எத்தன பேர் மாமா நிக்கிறாங்க?"

"ரெண்டே பேருதான் தம்பி."

இன்னும் ஒரு பத்துப் பேர் வந்து நிற்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.