மோசல் ஆற்றங்கரையில் ஓர் எவடத்தார்

எவடத்தார் என்றொரு இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள்; லண்டனில் ஹரோவிலும் ஆர்ச்வேயிலும் தேடுங்கள், கோட் போட்டுக்கொண்டு திரியும். உலகத்தின் எந்த மூலையில் ஒரு தமிழ்முகத்தைக் கண்டாலும் "ஊரிலை எவடம்?", அதாவது ஊரில் எந்த இடம், என்று கேட்காமல் இந்த இனத்தாரால் அடுத்த மூச்சு விட முடியாது. வணக்கம் பிறகு. பெயர் அதற்கும் பிறகு. முதலில் எவடம்.

அந்தக் கேள்வியோடு விடுவார்களா? ஊரைச் சொன்னால் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பார்கள், பக்கத்தைச் சொன்னால் ஒழுங்கையைக் கேட்பார்கள், ஒழுங்கையைச் சொன்னால் "அப்ப நீர் ஆரின்ரை மகன்?" என்று தகப்பனைப் பிடிப்பார்கள், தகப்பனில் சொந்தம் அகப்படாவிட்டால் தாயின் ஊருக்குத் தாவி, அங்கேயும் சரிவராவிட்டால் அக்காவைக் கட்டியவரின் தமையனைத் தூக்கி நிறுத்தி, கடைசியில் உங்களுக்கும் தமக்கும் நடுவே எப்போதோ செத்துப்போன ஒரு மாமியையாவது கண்டுபிடித்த பிறகுதான் கையை விடுவார்கள். ஆம், அதுவரை உங்கள் கை அவர்கள் கையில்தான் இருக்கும்.

இந்த இனத்தின் முதல்தர மாதிரி, ஹரோவில் குடியிருக்கும் செல்வரத்தினம். ஹைகேற் முருகன் கோயிலில் தீபாராதனை நேரம் எல்லோரும் முருகனைப் பார்ப்பார்கள். இவர் வரிசையைப் பார்ப்பார். செத்தவீட்டுக்குப் போனால், பெட்டிக்குள் கிடப்பவர் தனக்கு என்ன முறை என்று தெளிவாகும்வரை கண் கலங்காது. ஒருமுறை சவுத்தாலில், மரக்கறிக் கடையில் நின்ற பஞ்சாபிக்காரரைத் தமிழரென்று நினைத்து எவடம் என்று கேட்டுவிட்டார். ஜலந்தர் என்றார் அவர். வேறு யாரென்றாலும் மன்னிப்புக் கேட்டு விலகியிருப்பார்கள். செல்வரத்தினம் விடவில்லை: "அது எவடத்துக்குக் கிட்ட?"

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் இந்த மனிதருக்கு ஒரு கேம்பர் வான் கிடைத்தது. அவருடைய மனைவி கலாவதி வேலை செய்யும் மருந்துக்கடையில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி இரவலாகக் கொடுத்தது. உள்ளே அடுப்பு, மடக்கினால் இருக்கை, விரித்தால் படுக்கை, யன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஜெர்மனியில் மோசல் என்றொரு ஆறு, இரு கரையிலும் திராட்சைத் தோட்டம், வளைவுக்கு வளைவு கோட்டை, கரையோரமாக வானை நிறுத்திப் படுத்தால் சொர்க்கம்தான் என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, கலாவதியின் மனசுக்குள் ஆறு ஓடத் தொடங்கிவிட்டது.

கலாவதியின் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரேயொரு இரவு ஆற்றங்கரையில் அந்த வானுக்குள் படுக்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு மடக்குக் கதிரைகளை வெளியில் போட்டு, ஒருவரோடும் பேசாமல் தேத்தண்ணி குடிக்க வேண்டும். கதிரைகளை அவளே தேடி வாங்கி வானுக்குள் கட்டி வைத்தாள். நியாயமான கோரிக்கை. நியாயமான கோரிக்கைகளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

முதல்நாள் பின்னேரம் ஆற்றங்கரைப் பட்டினமொன்றில் வான் நின்றது. உல்லாசப் பயணிகள் எல்லோரும் தலையை நிமிர்த்தி மலைமேல் இருந்த கோட்டையைப் பார்த்தார்கள். செல்வரத்தினம் சாப்பாட்டுக்கடைகளின் பின்கதவுகளைப் பார்த்தார். ஐரோப்பாவில் எந்தச் சாப்பாட்டுக்கடையின் பின்கதவைத் திறந்தாலும் உள்ளே எங்கள் ஆள் ஒருவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பார் என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தம் பிழைக்கவில்லை. மூன்றாவது பின்கதவில் பெனடிக்ற் இருந்தார்.

"தம்பி, ஊரிலை எவடம்?"

கத்தி நின்றது. "பாசையூர், அண்ணை! நீங்கள்?"

செல்வரத்தினம் தன் ஊரைச் சொன்னார்.

"உங்கடை ஊரிலையிருந்து ஒரு கணக்கு வாத்தியார் எங்கடை பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்தவர், அண்ணை."

"ஆர்? கண்ணாடி போட்ட, கறுத்த மனிசனோ?"

"ஓமண்ணை, ஓம்!"

"அட, அவர் என்ரை மச்சாளின்ரை மாமனெல்லே!"

முடிந்தது. உலகத்தில் கண்ணாடி போட்ட கறுத்த கணக்கு வாத்தியார் எத்தனை பேர் என்று கேட்டு யாரும் காரியத்தைக் கெடுக்கவில்லை. ஆற்றங்கரையில் கலாவதி முதலாவது கதிரையை விரித்து, இரண்டாவதில் கை வைத்த நேரம், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பெனடிக்ற் வந்து நின்றார்.

"அக்கா, இதென்ன கதை? நாங்கள் இருக்க நீங்கள் வானிலை படுக்கிறதோ? ஆக்கள் கேள்விப்பட்டா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

பெனடிக்றும் கூட்டாளிகளும் தங்கள் ஒரேயொரு அறையை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டுக் குசினி நிலத்தில் படுத்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி அருமை. அந்த அன்புக்கு யார் என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் வான் வெளியே தெருவில் தனியாகப் படுத்துக் கிடந்தது.

அதோடு நிற்கவில்லை. பெனடிக்ற் ரெலிபோன் எடுத்தார். ஆற்றின் அடுத்த வளைவில் சபாரத்தினம் வீதிக்கு வந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றார். சபாரத்தினம் அதற்கடுத்த வளைவுக்கு ரெலிபோன் எடுத்தார். மோசல் வளைந்து வளைந்து ஓடும் ஆறு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொந்தம் முளைத்தது. கலாவதி கோட்டை பார்க்கவில்லை. கலியாண வீடியோ பார்த்தாள். திராட்சைத் தோட்டம் பார்க்கவில்லை. பிறந்தநாள் அல்பம் பார்த்தாள். பிள்ளைக்குக் காது குத்திய வீடியோவில் வந்த ஐயரைப் பற்றிக்கூட, இவர் எவடத்து ஐயர் என்று செல்வரத்தினம் படத்தை நிறுத்தி விசாரித்தார். கதிரைகள் கட்டின கட்டோடு கிடந்தன.

கடைசிப் பின்னேரம் பேச்சுவார்த்தை முறிந்தது. புருஷன் பெட்ரோல் அடித்துவிட்டு வந்து பார்த்தால், வான் சாவி கலாவதியின் கைக்குள்.

"இண்டைக்கு ஆற்றங்கரைதான். நான் வானிலைதான் படுப்பன். உங்களுக்கு ஏலாதெண்டால் வீடுவீடாப் போங்கோ."

"இஞ்சாரும் கலா, அடுத்த வளைவிலை ஒரு பொடியன், எங்கடை..."

"ஹைகேற் முருகன்மேலை சத்தியம் பண்ணுங்கோ. விடியுமட்டும் ஒருத்தரிட்டையும் எவடமெண்டு கேட்கப்படாது."

பண்ணினார். வேறு வழி? சாவி அவளிடம்.

வான்கள் நிறுத்தும் புல்வெளி. முன்னால் ஆறு. கடைசியில் கதிரைகள் விரிந்தன, தேத்தண்ணி ஆவி பறந்தது, அன்னங்கள் இரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயின. கலாவதி காலை நீட்டினாள். செல்வரத்தினம் சுருட்டுக் குடிப்பதை விட்டவர்போல் விரல்களைப் பிசைந்துகொண்டு இருந்தார்.

அப்போது பக்கத்தில் இன்னொரு வான் வந்து நின்றது. லண்டன் பக்கத்து வான். இறங்கியவர்கள் ஆணும் பெண்ணும், நல்ல தமிழ்முகங்கள். இந்தப் பக்கம் திரும்பாமலே அவசரமாகத் திரையை இழுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே கடுகு வெடித்தது. செல்வரத்தினத்தின் வாய் திறந்தது. மூடியது. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதபடியால், ஆற்றைப் பார்த்தார்.

"ஆறு வடிவாத்தான் இருக்கு," என்றார். பயணத்தில் முதல்முறை.

கலாவதி பக்கத்து வானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உவையள் எங்கடை ஆக்கள் மாதிரி இல்லை, என்ன?" செல்வரத்தினம் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "இந்தியாவோ?" அவர் ஆற்றையே பார்த்தார். "பக்கத்திலை இருந்துகொண்டு பேசாமல் இருந்தால் மரியாதையில்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு தட்டில் பருத்தித்துறை வடையைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். சத்தியம் பண்ணியது அவர்தானே?

"தங்கச்சி, நீங்கள் எவடம்?"

"மலேசியா அக்கா, ஈப்போ. இப்ப லண்டன்ல இருக்கோம். என் பேரு ரதி."

வானுக்குள்ளிருந்து அவளுடைய புருஷன் மெய்யப்பனின் குரல்: "நான் அப்பவே சொன்னேன்ல ரதி, அந்தப் பக்கம் பாக்காதேன்னு!"

"ஈப்போவோ! என்ரை பெரியப்பா ஈப்போ ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர்!"

"அப்படியா? எங்க தாத்தாவும் ரயில்வேதான் அக்கா. அவருக்கு மேல ஒரு யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தாராம்."

"ஆர்? கொஞ்சம் மொத்தமான மனிசனோ?"

ஆற்றங்கரையில் கதிரைகள் நான்காயின. மெய்யப்பனும் வந்து வடையை எடுத்தார். "இஞ்சாருங்கோ, நீங்களும் கதையுங்கோவன்," என்று கலாவதி கூப்பிட்டாள். "ஏலாது. முருகன்ரை சத்தியம்," என்று சொல்லிவிட்டு, செல்வரத்தினம் உலகத்திலேயே ஆற்றை ரசிக்கத் தெரிந்த ஒரே மனிதர்போல் கால்மேல் கால் போட்டார்.

ஒரு நன்மை நடந்தது. யாரும் யாரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. இரண்டு பகுதிக்கும் வீடு வான்தான். கலாவதி பூப்போட்ட திரையை இழுத்து, ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஆசைப்பட்டபடியே படுத்தாள். கண் மூடுமுன் சொன்னாள்: "விடிய எழும்பினவுடனை ரதியின்ரை தாய்வழி ஆரெண்டு கேட்கவேணும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். செல்வரத்தினத்தின் ஊரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. அந்தக் கோட்டை எப்படியிருக்கும் என்று ஒரு தரமாவது யோசித்தீர்களா? இல்லை. ஹரோவில் எந்தச் செல்வரத்தினம், கலாவதி யாருடைய மகள், அந்தக் கணக்கு வாத்தியார் உங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தவரோ என்றுதானே மனம் ஓடிக்கொண்டிருக்கிறது?

ஊரை நான் சொல்லமாட்டேன். நீங்கள் எவடம்?